மழையில் அளந்த நிலம்

ஆடி மாதத்து மழை செம்பூரில் மேலிருந்து பெய்வதில்லை. கடற்கழியின் பக்கமிருந்து சாய்வாக வந்து அடிக்கும். அன்று காலையும் அப்படித்தான் அடித்தது. குடைகள் பின்புறமாக மடங்கின. எங்கள் காலனிச் சங்கத்தின் நிர்வாகிகள் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, சேற்றில் வழுக்கிவிடாதபடி ஒருவர் தோளை ஒருவர் பற்றி நின்றார்கள்.

எதிர்ப்பக்கத்தில் தரியாபாடா என்ற மீனவர் ஊரின் பெண்கள் நின்றார்கள். சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆண்கள் குந்தியிருந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, ஒரு நடுத்தரக் கோயிலின் பிராகாரம் அளவுக்குச் சேறும் புல்லுமாக ஒரு வெற்று நிலம். அதன் மத்தியில் வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் மழைக்கோட்டு அணிந்து நின்றார். அவருடைய ஆட்கள் சங்கிலி இழுத்து அளந்து முடித்திருந்தார்கள்.

அதிகாரி மராட்டியில் உரக்கக் கேட்டார். இந்த நிலம் தங்களுக்கு வேண்டியது என்று சொல்பவர் எவரேனும் இருந்தால் உள்ளே வந்து அவரவர் இடத்தைக் காட்டலாம் என்றார்.

ஒருவரும் வரவில்லை. நிலத்தின் ஓரத்தில் சிப்பி ஓடுகளைப் பதித்த ஒரு வரி இருந்தது. பெண்களின் கால்விரல்கள் அந்த வரியைத் தொட்டுக்கொண்டு நின்றன. ஒரு விரல்கூட அதைத் தாண்டவில்லை. அதிகாரி இரண்டாம் முறையும் கேட்டார்.

குடைகளின் கீழே ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர், "முடிஞ்சுதோன்னோ? அடுத்த லோக்கல் ரயிலையாவது பிடிக்கணும்" என்றார்.

நான் குடைகளின் பக்கம்தான் நின்றிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று நான் எங்கே நின்றேன் என்பது இப்போது பலர் வாயில் வேறுவிதமாக வருகிறது.

மாதுங்கா நாட்களைப் பற்றி இந்தத் தொடரில் சென்ற வாரங்களில் எழுதியபோது அன்பர்கள் மகிழ்ந்து கடிதம் போட்டார்கள். இந்த வாரம் மகிழமாட்டார்கள். இந்த இதழ் எங்கள் காலனியில் வீட்டுக்கு வீடு கைமாறுவதை நான் அறிவேன். ஆகவே காலனிக்காரர் எவர் பெயரையும் எழுதவில்லை. சங்கத்தின் செயலாளரைச் செயலாளர் என்றே குறிப்பிடுகிறேன். அவர் தம்மை அடையாளம் கண்டுகொள்வார், அது போதும்.

மூக்குக்கு விடுமுறை

மாதுங்காவில் காப்பிக்கொட்டை வறுக்கும் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் பல ஆண்டுகள் குடும்பம் நடத்தியவன் நான். அலுவலகத்தில் பதவி உயர்ந்ததும் செம்பூருக்குக் குடிபெயர்ந்தேன். தனித்தனி வீடுகள், வாசலில் வேலி, மல்லிகைப் பந்தல், மாலையில் காற்று. எல்லாம் சொல்லித்தான் வீட்டைக் கொடுத்தார்கள். அந்தக் காற்று எதன்மீது புரண்டு வருகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

குடிவந்த முதல் மாலையிலேயே என் மனைவி ஜன்னல்களை அடைத்துச் சாம்பிராணி போட்டாள். கருவாட்டு வாடை. திருநெல்வேலிச் சைவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, மீன் என்ற சொல்லைக்கூட நாங்கள் சோற்று நேரத்தில் உச்சரித்ததில்லை. அந்த வாடையை என்னால் தாங்க முடியவில்லை. இன்றும் முடியவில்லை. இதில் எனக்கு வேடம் இல்லை.

மழை தணியும் ஆவணிக் கடைசியில் தொடங்கும் வாடை கோடை முழுவதும் இருக்கும். பருவமழை இறங்கியதும் நின்றுவிடும். மழை மாதங்களில் தரியாபாடாவின் படகுகள் கடலுக்குப் போவதில்லை, மீன் காய்வதுமில்லை. எங்கள் காலனிப் பெண்கள் அந்த மாதங்களுக்கு "மூக்குக்கு லீவு" என்று பெயர் வைத்திருந்தார்கள். வற்றல் வடாம் போட முடியாவிட்டாலும் ஜன்னலையாவது திறக்கலாமே என்பார்கள். எந்த மாதத்தில் அந்த நிலத்தில் மீன் காயும், எந்த மாதத்தில் காயாது என்பது எங்கள் காலனியில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும். வாசகர்கள் இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஒரு பேருந்து நிறுத்தமும் ஒரு மூட்டையும்

மீராசாவைச் சந்தித்தது பேருந்து நிறுத்தத்தில். கருவாட்டு மூட்டையுடன் ஏற முயன்றவரை நடத்துநர் இறக்கிவிட்டார். அவர் புறப்பட்டுப் போகும் பேருந்தைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "ஏல, நாத்தம் நாத்தம்ங்கியே, ஒன் வீட்டுக் கொழம்பு கொதிக்கையில மட்டும் மூக்க எங்க கழத்தி வைப்ப?"

பம்பாயில் பல ஆண்டுகளாகக் கேட்காத எங்கள் ஊர்ப் பேச்சு. என்னையறியாமல் புன்னகைத்துவிட்டேன்.

"அண்ணாச்சிக்கு நம்ம பக்கமா?" என்றார்.

பாளையங்கோட்டை என்றேன்.

என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். "அப்ப சைவம்லா. தள்ளி நில்லுங்க, சாக்கு பட்டுரும்."

அவர் எங்கள் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த முஸ்லிம் வியாபாரி. தாராவியில் கருவாட்டுக் கிடங்கு வைத்திருந்தார். தரியாபாடாவின் பெண்களிடம் கொள்முதல் செய்து, தாராவித் தமிழர் தெருக்களில் விற்றார். மிச்சத்தைத் தெற்கே அனுப்பினார். மழை மாதங்களில் சரக்கு இல்லாததால் ஊருக்குப் போய்விடுவார். அவரோடு பேசிக்கொண்டே நடந்துதான் தரியாபாடாவுக்குள் நான் முதன்முதலாகப் போனேன். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனேன்.

அந்த ஊரின் வரலாறு

நான் கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவன். அந்த ஊர்த் தலைவரான முதிய பாட்டீலிடம் ஊரின் பழமையைக் கேட்டபோது மன்னர்களையும் போர்களையும் எதிர்பார்த்தேன். அவர் எழுந்து நின்று கைத்தடியால் திசைகளைக் காட்டினார்.

கிழக்கே உப்பளம். அவருடைய பாட்டன் காலத்தில் ஊரார் பாத்தி கட்டி உப்பெடுத்த இடம். வெள்ளைக்காரன் காலத்திலேயே குத்தகைதாரர் கைக்குப் போயிற்று. தெற்கே பனைமரங்களும் கடலுக்கு இறங்கும் பாதையும். யுத்தத்தின்போது ராணுவம் வேலி போட்டது. சண்டை முடிந்ததும் தருவோம் என்றார்கள். சண்டை முடிந்தது, வேலி முடியவில்லை. மேற்கே எண்ணெய் ஆலைகளின் புகைபோக்கிகள். அவை வந்த பிறகு கழித்தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தது, சிப்பி செத்தது.

வடக்கே கைத்தடியை நீட்டியவர் உடனே அதைக் கீழே இறக்கிவிட்டார். மீராசாதான் சொன்னார்: "வடக்க ஒங்க காலனி, அண்ணாச்சி. அதுல மழைக்காலத்துல நெல்லு போட்டிருந்தாவளாம். மொகத்துக்கு நேர சொல்ல மனசு வரல பாட்டீலுக்கு."

அவர்களுக்கு எஞ்சியிருந்தவை குடியிருந்த வீடுகள், படகுத்துறை, அதையடுத்த அந்த ஒரு துண்டு நிலம். எங்கள் காலனியில் பலர் அதைத் திறந்தவெளி என்று நினைத்தார்கள். அந்த ஊரின் பாதி உயிர் அதில்தான் இருந்தது. அங்கே பிடிபடும் பொம்பில் என்ற மீன் தண்ணீரைப் போலக் குழைவானது. சில மணி நேரத்தில் கெட்டுவிடும். வலை நிறைந்து வரும் நாளில் ஈரமாக விற்றுத் தீர்க்க முடியாது. மூங்கில் நட்டுக் கயிறு கட்டி, ஒரு மீனின் தாடையில் இன்னொரு மீனின் தாடையை மாட்டி, கொடியில் துணி போடுவதுபோல் தொங்கவிடுவார்கள். சாணம் மெழுகிய தரையில் கூனி இறாலைப் பரப்புவார்கள்.

படகு ஆண்களுடையது. நிலம் பெண்களுடையது. ஒவ்வொரு பெண்ணுக்கும் அதில் ஒரு வரிசை உண்டு. மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வருவது. பட்டா இல்லை, பத்திரம் இல்லை. யார் வரிசை எது என்பதில் சண்டை வந்ததாகவும் நான் கேட்டதில்லை.

சோனாபாய் என்ற விதவைக்கு அந்த வரிசை ஒன்றுதான் சொத்து. கணவர் போனபின் படகு கொழுந்தனிடம் சென்றுவிட்டது. கொழுந்தன் கொண்டுவரும் மீனைக் காயவைத்துக் கொடுத்தால் அதில் அவருக்கு ஒரு பங்கு. அதில்தான் இரண்டு மகன்களை வளர்த்தார்.

அவர் நாக்கு கூர்மையானது. மாலை நடைக்கு அந்தப் பக்கம் போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிலத்தைச் சுற்றிய வரப்பில் போனபோது, மீன்களை மாட்டிக்கொண்டே கேட்டார். அவருடைய மராட்டியை என் தமிழில் தருகிறேன்: "சாகேப், மூக்கை மூடினா வாயாலதானே மூச்சு விடணும்? அப்ப எங்க மீனைத் தின்னுட்டுத்தானே போறீங்க?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாகிவிட்டது. ஒரு வாரம் வேறு வழியாக நடந்தேன். பிறகு அந்தக் கேள்வியில் குற்றம் காண முடியாமல் பழைய வழிக்கே திரும்பினேன். துண்டை மட்டும் மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

நிலம் உறங்கும் மாதங்கள்

அந்த ஊருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பருவமழைக்கு முன் படகுகளைக் கரையேற்றும் நாளில் பெண்கள் நிலத்திலுள்ள மூங்கில்களையெல்லாம் பிடுங்கிவிடுவார்கள். குழிகளைச் சேறிட்டு மூடுவார்கள். கயிறு, கொம்பு, முளைக்குச்சி எதுவும் மிஞ்சாது. அத்தனையும் வீட்டுப் பரணுக்குப் போய்விடும். அன்று முதல் நிலம் உறங்குகிறது என்பார்கள். அது கடலின் முறை. ஆவணிப் பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் கொடுத்துப் படகை இறக்கும்வரை ஊரார் ஒருவரும் அதில் கால் வைக்கக் கூடாது. கோழி நுழைந்தால்கூட வெளியே நின்று கல்லெறிந்து விரட்டுவார்கள். மழையும் பெருக்கு நீரும் ஏறி இறங்கி, சேர்ந்து கிடந்த செதிலையும் கவிச்சியையும் கழுவிப்போகும். பௌர்ணமியன்று பெண்கள் சாணக் கூடையோடு நுழைந்து மெழுகி, முதல் மூங்கிலை நடுவார்கள்.

ஆகவே மழை மாதங்களில் அந்த நிலத்தைப் பார்க்கும் அந்நியர் கண்ணுக்கு அதில் மனித நடமாட்டத்தின் சுவடே தெரியாது. அந்த வழக்கம் அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது.

மண்டபம் வேண்டும் என்றார்கள்

எங்கள் சங்கத்துக்கு ஒரு மண்டபம் வேண்டியிருந்தது. கச்சேரி, கதாகாலட்சேபம், கல்யாணம் எல்லாவற்றுக்கும் மாதுங்காவுக்கு ஓட வேண்டியிருக்கிறதே என்ற குறை நியாயமானது. நானும் அந்தக் குறையைச் சொன்னவன்தான். எந்த இடம் என்ற கேள்வி எழுந்தபோது செயலாளர் அந்த நிலத்தைச் சொன்னார். பயனின்றிக் கிடக்கும் அரசு நிலம் என்று விண்ணப்பம் தயாரித்தே கொண்டுவந்திருந்தார். மண்டபமும் ஆயிற்று, நாற்றமும் ஒழிந்தது என்றார்.

நான் எழுந்து ஆட்சேபித்தேன். அது பயனின்றிக் கிடக்கவில்லை என்பது இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும் என்றேன். பொய்யான விண்ணப்பத்தில் கையெழுத்திட மாட்டேன் என்றேன்.

செயலாளர் சிரித்தபடி சொன்னார்: "பிள்ளைவாள், நீங்களே மூக்கைப் பொத்திண்டுதானே அந்தப் பக்கம் போறேள்? உங்களுக்கும் சேர்த்துத்தான் பண்றோம்."

"மூக்கு என்னுடையது. நிலம் அவர்களுடையது," என்றேன்.

அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அதிகாரியை எப்போது வரவழைப்பது என்று பேச்சு போயிற்று. மழை முடியட்டுமே, சேற்றில் யார் நிற்பது என்று ஒருவர் கேட்டார்.

"மழையிலதான் வரச் சொல்லணும்," என்றார் செயலாளர். "அப்பதான் நாத்தம் இருக்காது. ஆபீசர் நின்னு நிதானமாப் பார்ப்பர். அங்கே ஒரு குச்சிகூட இருக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அறியாமல் செய்த காரியமாக இருந்தால் நான் இந்த அத்தியாயத்தை எழுதியிருக்கமாட்டேன். சிரித்தவர்கள் பட்டதாரிகள். கணக்கதிகாரிகள், பேராசிரியர்கள், ஒரு வழக்கறிஞர். நெற்றியில் திருநீறும் திருமண்ணும் இட்டவர்கள். என் நெருங்கிய உறவினர் ஒருவரும் அவர்களில் உண்டு. எல்லோரும் கையெழுத்திட்டார்கள். நான் இடவில்லை.

ஒரு காலடி

மழையில் நின்ற அந்தக் காலைக்கு வருகிறேன். அழைக்கப்படாமலேதான் போயிருந்தேன். நான் வந்த திசையிலிருந்து வந்தால் குடைகளின் பக்கம்தான் நிற்க முடியும்.

அதிகாரி இரண்டாம் முறை கேட்டு ஓய்ந்து குடைகளின் பக்கம் வந்ததும் நான் முன்னே சென்று ஆங்கிலத்தில் பேசினேன். மற்ற ஒன்பது மாதமும் இங்கே மீன் காய்கிறது, இதை நம்பி ஓர் ஊர் இருக்கிறது என்றேன். அவர் முரடரல்லர். நிதானமாகக் கேட்டார். நீங்கள் பார்த்தீர்களா என்றார். தினமும் என்றேன். எங்கிருந்து என்றார். வரப்பிலிருந்து என்றேன். உள்ளே போயிருக்கிறீர்களா, யாராவது ஒருவருடைய இடத்தையாவது இன்னது என்று காட்ட முடியுமா என்றார்.

நான் பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து செயலாளர் குரல் கொடுத்தார்: "சார் சுத்த சைவம். அந்தப் பக்கம் மூச்சுகூட விடமாட்டார்."

அதிகாரியே சிரித்துவிட்டார். ஆய்வை ஒரு மாதம் ஒத்திவைக்க முடியுமா என்று கேட்டேன். அதை முன்னமே எழுதிக் கேட்டிருக்க வேண்டும் என்றார்.

எதிர்ப்பக்கத்துக்கு ஓடினேன். என் வயதில், என் பதவியில், நான் ஓடுவதைக் காலனி அதுவரை பார்த்ததில்லை. நிலத்தின் குறுக்கே போயிருந்தால் விரைவில் போயிருக்கலாம். கால் வரவில்லை, வரப்பைச் சுற்றித்தான் போனேன். சோனாபாய் முன்வரிசையில் நின்றிருந்தார். கொங்காணியின் முனையிலிருந்து நீர் சொட்டியது.

"ஒரே ஒரு காலடி. உங்கள் வரிசையில் போய் நில்லுங்கள். அது போதும்," என்றேன்.

"தேங்காய் விழலையே, சாகேப்."

"தேங்காய் விழும்போது நிலம் இருக்காது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். "இன்னிக்கு நான் கால் வெச்சா, பௌர்ணமிக்கு எந்த ஆம்பளையும் படகை இறக்கமாட்டான். என் கொழுந்தன் முதல்ல இறக்கமாட்டான். நிலம் இருக்கும், மீன் இருக்காது. கயித்துல எதை மாட்டறது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூடத்தனம் என்று சொன்னேன். இதுபோல் நின்று நின்றுதான் உப்பளமும் பனங்காடும் போயிற்று என்றேன். பாட்டீல் தலையைக் குனிந்துகொண்டார். சோனாபாய் குனியவில்லை.

"அந்த ஆபீசரை இன்னிக்கு வரச் சொன்னது யாரு, சாகேப்? தேங்காய்க்கு அப்புறம் வந்தா என்ன? ஒரு மாசந்தானே?"

அதற்கு என்னிடம் விடை இருந்தது. குடைகளின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அதிகாரியின் ஆட்கள் சங்கிலியைச் சுருட்டிவிட்டார்கள். உரிமை கோருவார் இல்லை என்று முடிவாயிற்று.

பௌர்ணமி

ஆவணிப் பௌர்ணமியன்று எங்கள் காலனியில் பூணூல் மாற்றும் சடங்கு. விடியற்காலையிலிருந்து மந்திர ஒலி. ஈர வேட்டியும் புதுப் பூணூலுமாக ஆண்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த அதே நேரத்தில், தரியாபாடாவில் தாரை ஊதிக்கொண்டு கடலுக்குத் தேங்காய் கொண்டுபோனார்கள். படகுகள் இறங்கின. பெண்கள் பச்சையும் மஞ்சளுமாகச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, சாணக் கூடையும் மூங்கிலும் சுமந்து நிலத்துக்கு வந்தார்கள்.

நிலத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தது. சங்கத்தின் பெயர் எழுதிய தகரப் பலகை ஒன்றும் நின்றது.

அவர்கள் மூங்கிலைத் தோளிலிருந்து இறக்காமலேயே வெகுநேரம் நின்றார்கள். சாணத்தைக் கழியில் கொட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஊரிலிருந்து திரும்பிய மீராசா செய்தி கேட்டு நேரே என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், படியிலேயே உட்கார்ந்தார்.

"கருவாடு திங்காத மனுசன் கருவாட்டுக்குச் சாட்சி சொல்லப் போனியளாக்கும்," என்றார். சிரித்துக்கொண்டுதான் தொடங்கினார், சிரிப்பு நிலைக்கவில்லை. "நான் இருந்திருந்தா உள்ள போயி ஒவ்வொருத்தி வரிசையும் காட்டியிருப்பேன் அண்ணாச்சி. எனக்கென்ன, தேங்காயா மாங்காயா? நான் இல்லாத நேரமாப் பாத்துல்லா முடிச்சிட்டாவ."

"உங்களை அவர்களுக்குத் தெரியவே தெரியாது, மீராசா."

"அது இன்னும் கேவலம்லா," என்றார்.

நான் மேல்முறையீடு எழுதினேன். ஒன்றல்ல, பல. ஆய்வின்போது எவரும் உரிமை கோரவில்லை என்பதே எல்லாவற்றுக்கும் பதில். சங்கத்திலிருந்து விலகினேன். எவரும் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. பிள்ளைவாளுக்கு இளகிய மனசு என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லைவிட ஒரு வசவு மேல்.

இன்றைய தரியாபாடா

மண்டபம் எழும்பிவிட்டது. வெள்ளை அடித்து, வாசலில் வாழை கட்டி, மார்கழியில் கச்சேரி நடக்கிறது. தரியாபாடாவின் பெண்கள் இப்போது லாரி போகும் சாலையின் ஓரத்தில் மூங்கில் நடுகிறார்கள். புழுதியும் கரியும் படிந்த கருவாட்டை மீராசா பாதிக்கு மேல் கழித்துவிடுகிறார். மண் கடிக்கிறது, தாராவியிலேயே வாங்கமாட்டேன் என்கிறார்கள் என்று அவரே வருந்துகிறார். படகுகளில் சில விற்றுப்போயின. சோனாபாயின் மூத்த மகன் அந்தப் புகைபோக்கிகளின் கீழே ஓர் உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவுகிறான். சோனாபாய் முதல் வண்டியில் நகரத்துத் துறைமுகத்துக்குப் போய், பிறர் பிடித்த மீனை ஏலத்தில் எடுத்து, குர்லாவில் தரையில் உட்கார்ந்து விற்கிறார். சில மாலைகளில் ரயில் நிலையப் படிகளில் எதிர்ப்படுவார். "பரா ஆஹே கா, சாகேப்?" என்று நலம் கேட்பார். என் துண்டைப் பற்றிக் கேலி செய்வதை நிறுத்திவிட்டார்.

சாலையோரம் எங்கள் வீடுகளுக்கு இன்னும் அருகில் இருப்பதால் வாடை முன்னைவிட அதிகம். அவர்களைச் சாலையிலிருந்தும் அகற்ற வேண்டும் என்று சங்கம் மாநகராட்சிக்கு எழுதியிருக்கிறது.

இந்த ஒன்றிரண்டு ஆண்டுகளாக நகரத்துச் சுவர்களில் தமிழர்களான நம்மவரைத் திரும்பிப் போகச் சொல்லி எழுதுகிறார்கள். கடைகளில் கல் விழுகிறது. நான் அதைச் சரியென்று சொல்லமாட்டேன். எறிகிறவர்களில் தரியாபாடாக்காரர் ஒருவரும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நாம் யாருக்கு என்ன கெடுதல் செய்தோம் என்று நம் கூட்டங்களில் கண் கலங்கிப் பேசுகிறார்கள். அந்த மண்டபத்திலேயே அப்படி ஒரு கூட்டம் நடந்தது.

ஆண்டு விழா

சென்ற மாதம் மண்டபத்தின் ஆண்டு விழா. காலனியின் மூத்த குடிகளுக்குப் பொன்னாடை என்றார்கள். நான் அதுவரை அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்ததில்லை. அக்கம்பக்கத்தில் எத்தனை நாள் முகம் கொடுக்காமல் இருப்பது என்று மனைவி வற்புறுத்தியதால் போனேன்.

செயலாளர் ஒலிபெருக்கியில் பேசினார். இந்த இடம் யாருக்கும் பயன்படாமல் தரிசாகக் கிடந்த சேற்று நிலம் என்றார். அதை மீட்க அன்று கொட்டும் மழையில் நம்மோடு தோளோடு தோளாக நின்ற பெரியவர் என்று என் பெயரைச் சொல்லிக் கை காட்டினார். கைதட்டினார்கள். பொன்னாடை என் தோளில் விழுந்தது.

நாற்பது ஆண்டுகள் இந்த நகரத்தில் என் பெயரில் ஒரு கறை படாமல் வாழ்ந்திருக்கிறேன். அந்தக் கறையை அன்று கைதட்டலோடு பூசினார்கள்.

பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு மைக்கிடம் போனேன். நான் மழையில் நின்றது உண்மை என்றேன். நிலம் தரிசாகக் கிடந்தது பொய் என்றேன். அதில் மீன் காயவைத்து ஓர் ஊர் பிழைத்தது, அது உங்கள் அனைவருக்கும் அன்றே தெரியும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கி நின்றுவிட்டது. என் குரல் முன்வரிசை வரை மட்டும் கேட்டிருக்கும். மறுபடி அது உயிர்பெற்றபோது மைக் செயலாளர் கையில் இருந்தது.

"பிள்ளைவாளுக்கு ரெண்டு நாளா உடம்பு சரியில்லை. அந்த நிலையிலும் வந்து கௌரவிச்சிருக்கார்," என்றார். யாரோ எனக்கு சோடா கொண்டுவந்தார்கள்.

மறுநாள் காலையிலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆரஞ்சுப்பழம், ரொட்டி, தெரிந்த டாக்டரின் விலாசம். ரத்த அழுத்தமாக இருக்கும், உப்பைக் குறையுங்கள் என்றார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். அதையும் நோயின் அறிகுறியாகவே கேட்டுக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டுப் பேராசிரியர் கடைசியாக வந்தார். நல்ல மனிதர். அன்று கையெழுத்திட்டவர். அவரிடம் நேராகக் கேட்டேன். அந்த நிலம் தரிசாகக் கிடந்ததா, இல்லையா?

அவர் வாசற்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தெரியாதவா யாரு, பிள்ளைவாள்? எல்லாருக்கும் தெரியும். அதை மைக்கில சொல்லணுமா?"

மைக்கில் சொன்னதை அணைத்துவிட்டார்கள். ஆகவே அச்சில் சொல்கிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்த நிலம் தரிசாகக் கிடக்கவில்லை.